உஸ்தா பரகாத்தும் ஒரு டப்பா வெந்தயமும்

தமன்ஹூருக்கும் தஸூக்குக்கும் நடுவில் வேன் ஓட்டுகிறவர்கள் அறுபது பேர் இருப்பார்கள். அதில் ஊசிக்குப் பயந்து மூன்று தடவை ஜன்னல் வழியாகத் தப்பித்தவர் உஸ்தா பரகாத் ஒருவர்தான்.

முதல் தடவை பள்ளிக்கூடத்தில், தடுப்பூசி போட வந்த அன்று. இரண்டாவது தடவை ராணுவத்தில். அதற்கு மூன்று நாள் காவல் அறையில் உட்கார்ந்தார், சந்தோஷமாக. மூன்றாவது தடவை போன வருடம், பல் டாக்டரிடம். அது முதல் மாடி. கீழே கொய்யா வண்டி நின்றது அவருடைய நல்ல நேரம். கொய்யாக்காரனுக்கு அப்படி இல்லை.

பார்த்தால் நம்ப முடியாது. ஐம்பத்திரண்டு வயது. மீசையின் ஒரு முனை காலையில் தமன்ஹூரைப் பார்த்தால் இன்னொன்று தஸூக்கைப் பார்க்கும். ஓட்டுநர் என்றால் எங்கும் 'உஸ்தா' என்றுதான் கூப்பிடுவார்கள், ஆனால் பரகாத்தைக் கூப்பிடும்போது அந்தச் சொல்லுக்குக் கொஞ்சம் எடை கூடும். அவர் "தஸூக், தஸூக்!" என்று கூவினால் கால்வாய்க்கு அந்தப் பக்கம் மேய்கிற எருமைகூட ஒரு நிமிடம் யோசிக்கும்.

வண்டியின் பெயர் 'மணப்பெண்'. பின்கண்ணாடிக்குக் கீழே அவரே இரண்டு கண் வரைந்து, மை தீட்டிவிட்டிருந்தார். ஒரு கண் கொஞ்சம் ஒன்றரை. வண்டியில் பதினாலு சீட்டு. ஏற்றுவது பதினெட்டு.

அதற்கு அவரிடம் ஒரு தத்துவம் உண்டு. "வண்டி செஞ்சவன் பயந்தாங்கொள்ளி. பதினாலு தாங்கும்னு எழுதினான்னா, பதினெட்டு தாங்கும்னு அர்த்தம். நாலு பேரை மனசுல வெச்சுக்கிட்டுத்தான் எழுதுவான்."

இந்தத் தத்துவத்தை அவர் டயருக்கும் பயன்படுத்துவார், பாலத்துக்கும் பயன்படுத்துவார். வம்பு வந்தது அதை வயிற்றுக்குப் பயன்படுத்தியபோதுதான்.

நாலு வருடமாக அவருக்குச் சர்க்கரை. மாத்திரை சாப்பிடுகிறார். அந்த இலையுதிர் காலத்தில் சுகாதார நிலையத்து டாக்டர் பெரியால் அம்மா அவருடைய பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினால் செய்தி நல்லதில்லை என்று அர்த்தம்.

"உஸ்தா, மாசக் கடைசியில ரத்தம் எடுத்துப் பார்ப்போம். நம்பர் இறங்கலன்னா ஊசிக்கு மாறிடணும். தினமும்."

"தினமுமா?"

"தினமும். வீட்டுலயே போட்டுக்கலாம்."

பரகாத் முதலில் பார்த்தது ஜன்னலைத்தான். கம்பி போட்டிருந்தார்கள்.

ஊசி வலிக்கும் என்று மட்டும் அவர் பயந்திருந்தால் இந்தக் கதை பாதியில் முடிந்திருக்கும். வாப்பா ஹாஜி கலஃபுக்கும் சர்க்கரை இருந்தது. அப்போது பரகாத் குவைத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். வீட்டிலிருந்து ஒரு போன்: "வாப்பாவுக்கு ஊசி ஆரம்பிச்சாச்சு." ஐந்து மாதம் கழித்து இன்னொரு போன்: "வாப்பாவுக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்துட்டாங்க." இரண்டு போன்களுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று யாரும் சொல்லவில்லை. பாலைவனத்தில் லாரிக்குள் தனியாக உட்கார்ந்து அவரே ஒரு முடிவுக்கு வந்தார். முதலில் ஊசி வரும். பின்னாலேயே ரம்பம் வரும்.

காலில்லாத வாப்பாவைப் பார்த்தாயிற்று. கால் இல்லாமல் கிளட்சை யார் மிதிப்பது? மணப்பெண்ணை யார் ஓட்டுவது? இதைப் பெண்டாட்டி இன்ஷிராஹிடம்கூட அவர் சொல்லவில்லை. நேராக முதவல்லி ஹாஜியாரின் நாட்டு மருந்துக் கடைக்குப் போனார்.

கடைக்குள் ஏலம், சீரகம், காய்ந்த செம்பருத்தி எல்லாம் மூட்டை மூட்டையாய்க் கழுத்தைத் திறந்து வைத்திருந்தன. ஹாஜியார் வெந்தய மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து செய்தித்தாளில் குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருந்தார்.

"ஹாஜியாரே, வெந்தயம் சர்க்கரைக்கு நல்லதாமே?"

"யாருக்கு?"

"என் மச்சினனுக்கு."

"மச்சினன் டாக்டர் குடுத்த மாத்திரை ஏதாச்சும் சாப்பிடறாரா?"

"சேச்சே! அவன் தலைவலின்னாகூட தலையில துணியக் கட்டிட்டுப் படுக்கற ஜாதி."

ஹாஜியார் பென்சிலைக் காதில் செருகினார். "அப்படீன்னா பொடி பண்ணி, ஒரு சின்ன ஸ்பூன். சாப்பாட்டோட. வெறும் வயித்துல வேணாம். டாக்டர் காதுலயும் ஒரு வார்த்தை போடச் சொல்லு. ஆமா, உன் மச்சினனுக்கு மீசை உண்டா?"

"உண்டு. ஏன்?"

"பெரிய மீசையா?"

"ஒரு கிலோ கட்டுங்க ஹாஜியாரே, வண்டி வெளிய நிக்குது."

இப்போது கணக்கைப் பாருங்கள். டாக்டரம்மாவுக்கு மாத்திரை தெரியும், வெந்தயம் தெரியாது. ஹாஜியாருக்கு வெந்தயம் தெரியும், மாத்திரை தெரியாது. இன்ஷிராஹுக்கு மாத்திரை தெரியும், மிச்சம் எதுவுமே தெரியாது. எல்லாம் தெரிந்த ஒரே ஆள் பரகாத். அவருக்கோ எதுவும் தெரியாது.

ஹாஜியார் சொன்னது ஒரு சின்ன ஸ்பூன். பதினாலுக்குப் பதினெட்டு தத்துவப்படி அது மூன்று பெரிய ஸ்பூன் ஆனது. காலையில் மூன்று, மதியம் மூன்று, சாயங்காலம் மூன்று. மாத்திரையையும் விடவில்லை. "ரெண்டு பேரும் சேர்ந்து தள்ளட்டுமே" என்று எண்ணம். சாப்பிட்டால்தானே சர்க்கரை ஏறும் என்று காலைச் சாப்பாட்டையும் நிறுத்திவிட்டார். அவித்த மொச்சையும் சூடான ரொட்டியும் எங்கே மணத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். முப்பது வருடத்தில் முதல் தடவையாக மொச்சைக் கடைக்காரர் அவருடைய உடம்புக்கு என்ன என்று ஆள் விட்டுக் கேட்டார்.

இரண்டாம் நாளே வயிறு பேச ஆரம்பித்தது. முதலில் முணுமுணுத்தது. பிறகு உரக்கவே பேசியது.

மணப்பெண்ணில் முன்சீட்டு எப்போதும் வஜ்தி வாத்தியாருக்கு. தஸூக்கில் பூகோளம் சொல்லிக் கொடுக்கிறவர். வாய் ஓய்ந்தால் உயிர் போய்விடும் என்று நம்புகிறவர். மூன்றாம் நாள் அவர் ஜன்னலைக் கடைசிவரை இறக்கிவிட்டுச் சொன்னார்:

"உஸ்தா, எல்லா வண்டியையும் காஸுக்கு மாத்தச் சொல்றாங்கன்னு பேப்பர்ல படிச்சேன். டிரைவரையும் மாத்தச் சொன்னாங்களா?"

பின்சீட்டுவரை சிரித்தது. "வாத்தியாரே, பிடிக்கலன்னா நடந்து போங்க" என்றார் பரகாத். வயிறு ஆமாம் போட்டது.

நாலாம் நாள் வாசனை வந்தது. வெந்தயம் அப்படித்தான், போன இடத்தில் சும்மா இருக்காது. வியர்வையில் வரும், சட்டையில் வரும், தலையணையில் வரும். கருகிய வெல்லத்தில் கீரையை முக்கியெடுத்த மாதிரி ஒரு மணம். பரகாத்துக்கு அது தெரியவில்லை, ஏனென்றால் அவரேதான் அந்த மணம். ஆனால் சட்டை துவைப்பது இன்ஷிராஹ்.

அவள் காலரை மோந்தாள். மறுபடி மோந்தாள். பிறகு சட்டையை வாளியில் போடாமல் அப்படியே மடியில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த ஊர்ப் பக்கம் ஒரு வீட்டில் அந்த வாசனை வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: அங்கே குழந்தை பிறந்திருக்கிறது. பால் ஊறப் பெற்றவளுக்கு மூன்று வேளையும் வெந்தயத் தண்ணீர் கொதிக்கும். பார்க்க வருகிறவர்களுக்கும் ஆளுக்கு ஒரு கிளாஸ். ஏழாம் நாள் பெயர் வைக்கிற வரைக்கும் படிக்கட்டே மணக்கும்.

அன்று சாயங்காலம் அவள் ரொட்டி பிய்த்துக்கொண்டே கேட்டாள்: "நம்ம சொந்தத்துல யாராச்சும் பெத்திருக்காங்களா?"

"இல்லையே."

"உங்க சிநேகிதங்க வீட்டுல?"

"இல்ல. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

முப்பது வருடக் கல்யாணத்தில் இன்ஷிராஹ் சும்மா கேட்டது ஒன்றுமே கிடையாது. பரகாத் அதையாவது யோசித்திருக்கலாம். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

ஒவ்வொன்றாக அவள் சேர்த்து வைத்தாள். மனுஷன் விடியும் முன்னே கிளம்பிவிடுகிறார். காலையில் வீட்டில் சாப்பிடுவதில்லை, அப்படியானால் வேறெங்கோ சாப்பிடுகிறார். வண்டிச் சீட்டுக்கு அடியில் ஏதோ ஒரு டப்பாவை ஒளித்து வைக்கிறார், கிட்டே போனால் துள்ளுகிறார். மேலெல்லாம் பிரசவ வீட்டு வாசனை. மகள் நஜ்லாவைக் கட்டிக்கொடுத்து அனுப்பியாயிற்று, வீடு காலி. ஐம்பத்திரண்டு வயதில் சில ஆண்களுக்குப் புத்தி எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன. எங்கேயோ இன்னொருத்தி இருக்கிறாள். அவள் பெற்றும்விட்டாள்.

அழவில்லை. மாடி வீட்டுக்காரியிடம் போய், கண் மட்டும் தெரிகிற கருப்பு முகத்திரை ஒன்றை இரவல் வாங்கினாள்.

ஒன்பதாம் நாள் காலை. பரகாத் டப்பாவைத் திறந்து மூன்று ஸ்பூன் பொடியை வாயில் கொட்டி, தண்ணீர் விட்டு விழுங்கி, பின்னாலேயே மாத்திரையையும் அனுப்பினார். மாசக் கடைசிக்கு இன்னும் நாலு நாள்தான். அதனால் நல்லதுக்கு இருக்கட்டும் என்று நாலாவது ஸ்பூனும் போட்டார். முந்தைய நாள் சாயங்காலச் சாப்பாடும் சரியாக இறங்கவில்லை. பதினெட்டு பேர் ஏறினார்கள். பதினெட்டாவது ஆள் ஒரு கருப்பு முகத்திரைக்காரி. ஒன்றும் பேசாமல் கடைசி வரிசையில் ஒரு வாத்துக் கூடைக்கும் ஜன்னலுக்கும் நடுவே நுழைந்துகொண்டாள்.

பாதி வழியில், கால்வாய் ரோட்டில், பரகாத்தின் கை நடுங்க ஆரம்பித்தது. ஸ்டியரிங்தான் நடுங்குகிறது என்று நினைத்தார். நவம்பர் காற்று அடிக்கிறது, அவருக்கோ அருவியில் நின்ற மாதிரி வியர்வை. ரோடு இரண்டாகப் பிரிந்தது. எந்த ரோட்டில் போவது என்று கொஞ்ச நேரம் அவருக்குப் புரியவில்லை.

"உஸ்தா, என்ன மீசையெல்லாம் தொங்குது?" என்றார் வஜ்தி வாத்தியார்.

"நஜ்லா ஸ்கூலுக்குப் போயிட்டாளா?" என்றார் பரகாத்.

வாத்தியார் சிரித்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. நஜ்லாவின் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தவர் அவர்.

வண்டி மெதுவாகக் கால்வாய்ப் பக்கம் சாய்ந்துகொண்டே போனது. வாத்தின் தலை கூடையிலிருந்து எட்டிப் பார்த்தது. கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"பரகாத்! வண்டிய நிறுத்து!"

அந்த ரோட்டில் எல்லோருக்கும் அவர் உஸ்தா. மொட்டையாகப் பெயர் சொல்லிக் கத்துகிற ஆள் உலகத்தில் ஒருத்திதான். அப்போது அவருடைய மூளை எங்கேயோ போயிருந்தது. ஆனால் முப்பது வருடப் பழக்கம், கால் கேட்டது. பிரேக் மேல் ஏறி நின்றது. மணப்பெண் சேற்றில் முன்சக்கரத்தைப் புதைத்து, தண்ணீருக்கு இரண்டு முழம் முன்னால் நின்றாள்.

முகத்திரைக்காரி வாத்தைத் தாண்டி, ஒரு மாணவன் மடியைத் தாண்டி, முன்னால் வந்து சேர்ந்தாள். பரகாத்தின் நெற்றியைத் தொட்டாள், கையைப் பிடித்துப் பார்த்தாள். இந்த நடுக்கத்தை, இந்த உளறலை அவள் முன்னாலேயே பார்த்திருக்கிறாள், மாமனாரிடம்.

"இவருக்குச் சர்க்கரை எறங்கிப்போச்சு. இனிப்பா குடிக்க யார்கிட்ட என்ன இருக்கு? சீக்கிரம்!"

வஜ்தி வாத்தியார் தயங்கித் தயங்கிப் பையிலிருந்து ஒரு கோலா பாட்டிலை எடுத்தார்.

"சர்க்கரை போட்டதுதானே? இல்ல, சர்க்கரையில்லாத அந்த மாதிரியா?"

"போட்டதுதான். வீட்டுல சொல்லிடாதீங்க."

வாயோரம் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தாள். பெண் பார்க்கப் போய்க்கொண்டிருந்த ஒரு இளைஞன் மடியில் இனிப்புப் பெட்டி வைத்திருந்தான். எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

"இது மாமியார் வீட்டுக்கு..." என்றான்.

"டிரைவர் செத்தா நீ எப்படிடா மாமியார் வீட்டுக்குப் போவே?" என்றார் வாத்துக்காரம்மா. பெட்டி திறந்தது.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். பரகாத்தின் கண்ணுக்கு ரோடு மறுபடி ஒன்றானது. எதிரே ஒரு கருப்புத் துணி, இரண்டு கண்.

"நீ யாரும்மா? அல்லாஹ் உனக்கு நல்லது செய்யட்டும்."

"நான் உங்க முதல் பொண்டாட்டி."

"முதல் பொண்டாட்டியா? மொத்தம் எத்தனை பேரு?"

"அதைக் கேட்கத்தான் வண்டி ஏறினேன்."

பின்னால் வந்த வேன்கள் நின்று, "வாங்க, ஏத்திக்கிட்டுப் போறோம்" என்றன. ஒரு ஆள்கூட இறங்கவில்லை. பள்ளிக்கூடம் எங்கே ஓடிவிடப் போகிறது என்றார் வாத்தியார்.

இன்ஷிராஹ் முகத்திரையைத் தூக்கித் தலைமேல் போட்டுக்கொண்டு, சீட்டுக்கு அடியில் கை விட்டு டப்பாவை உருவினாள். திறந்து மோந்தாள். "ஒளிச்சு வெச்ச சாமான் இதுதானா! குழந்தை எங்கே?"

"என்ன குழந்தை?"

"இவ்வளவு வெந்தயத்துக்கு ஒரு குழந்தையாவது இருக்கணும். ஆணா பொண்ணா? அதையாச்சும் சொல்லுங்க."

பரகாத் அவளைப் பார்த்தார். மிச்சப் பதினேழு பயணிகளையும் வாத்தையும் பார்த்தார். பிறகு மீசைக்குள்ளிருந்து, யாருக்கும் கேட்கக் கூடாது என்கிற மாதிரி ஒரு குரல் வந்தது. அவரிடம் அப்படி ஒரு குரல் இருப்பதே அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

"குழந்தை இல்ல இன்ஷிராஹ். ஊசி."

"என்ன ஊசி?"

"டாக்டரம்மா ஊசி போடணும்னுட்டாங்க. நம்பர் எறங்கணும்னு இதைத் தின்னேன். எனக்கு... எனக்குக் காலு வேணும். வாப்பாவுக்கு ஊசி போட்டு அஞ்சு மாசத்துல கால எடுத்துட்டாங்கல்ல?"

இன்ஷிராஹ் டப்பாவை மூடினாள். அவருடைய கையைப் பிடித்துக் கீழே இறக்கி, கரையோரம் தைல மரத்தடியில் உட்கார வைத்தாள். பயணிகள் எல்லோரும் ஒரே பக்க ஜன்னலுக்கு நகர்ந்தார்கள். வண்டியும் சாய்ந்தது.

"நீங்க குவைத்துல இருந்தீங்க," என்றாள். "வாப்பா கால யாரு கழுவினது? நான். செருப்புல ஆணி குத்தினது அவருக்கே தெரியல, மரத்துப் போயிருந்துச்சு. தெரிஞ்சப்புறமும் சாக்ஸப் போட்டு மறைச்சார். டாக்டர் ஊசி சொல்லி ஒரு வருஷம், வேணாம் வேணாம்னு தள்ளிக்கிட்டே போனார். அவரும் உங்கள மாதிரிதான், என்னென்னமோ வேரு, எலை. ஊசிக்கு ஒத்துக்கிட்டப்போ புண்ணு எலும்பத் தொட்டாச்சு."

"போன்ல நீ இதெல்லாம் சொல்லவேயில்லயே."

"சொல்லாதேன்னார். தூரத்துல இருக்கிற புள்ள, லாரி ஓட்டறவன், மனசு ஒடைஞ்சு எங்கயாச்சும் மோதிடுவான்னு. ஊசி கால எடுக்கலங்க. லேட்டா வந்துச்சு, அவ்வளவுதான். நீங்க திரும்பி வந்தப்புறம் எட்டு வருஷம் ஒத்தக் கால வெச்சுக்கிட்டு இந்த முன்சீட்டுல உட்கார்ந்து போறவன் வர்றவனையெல்லாம் திட்டிக்கிட்டே வந்தாரே, ஞாபகம் இருக்கா? அந்த எட்டு வருஷமும் ஊசி குடுத்ததுதான்."

பரகாத் காலைப் பார்த்தார். இரண்டும் இருந்தன. சேறு படிந்திருந்தது. சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்று எல்லோரும் நினைத்துக்கொள்ளட்டும் என்று கழுத்தையும் சேர்த்துத் துடைத்தார். வஜ்தி வாத்தியார் முழுசாக ஐந்து நிமிடம் வாயைத் திறக்கவில்லை. திறந்தபோதும், "வண்டிய நான் தள்ளறேன்" என்றுதான் சொன்னார்.

சுகாதார நிலையத்துக்கு மச்சினன் வண்டியில் போனார்கள். ஹாஜியாரிடம் சொன்ன அதே மச்சினன்தான், கற்பனை ஆள் இல்லை. உடம்பில் ஒரு குறையும் கிடையாது. மீசையும் கிடையாது.

டாக்டர் பெரியால் அம்மாவின் அறைக் கதவு என்றைக்கும் மூடியதில்லை. வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் அதில் தலையை நுழைத்து எல்லோருடைய வியாதியையும் கேட்பார்கள். இன்ஷிராஹ் டப்பாவையும் மாத்திரை அட்டையையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். விரலில் ஒரு சின்னக் குத்து. பரகாத் கூரையைப் பார்த்துக் கலிமா சொன்னார்.

"எத்தனை ஸ்பூன்?"

"சின்னதுல ஒண்ணு சொன்னாங்க. நான் பெருசுல மூணு. மூணு வேளை. இன்னைக்கு நாலு."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "ஏன்?"

"இயற்கைதானே டாக்டர்..."

"கால்வாய்த் தண்ணியும் இயற்கைதான் உஸ்தா. காலையில எறங்கப் பார்த்தீங்களே." அவர் அட்டையைத் தட்டிக் காட்டினார். "இந்த மாத்திரை சர்க்கரையை எறக்கும். வெந்தயமும் அளவு கூடினா எறக்கும். நீங்க பட்டினி வேற. மூணு பேரு ஒரே பக்கம் தள்ளினா வண்டி எங்க போகும்? சோள ரொட்டி மாவுல போடுங்க, குழம்புல போடுங்க, நான் கேக்கவே மாட்டேன். டப்பா வெச்சு ஸ்பூன் எண்ணித் தின்னா அது மருந்து. மருந்துன்னா என்கிட்ட சொல்லணும்."

கதவில் இருந்த ஒரு தலை பேசியது. "டாக்டர், நான் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறேனே. தினம் ரெண்டு கிளாஸ் வெந்தயம் குடிக்கறேன், முட்டிக்கு நல்லதுன்னாங்க."

"எத்தனை நாளா? உள்ள வாங்க. நீங்கதான் அடுத்தது."

இன்னொரு தலை, வாயும் வயிறுமாக. "எங்க மாமியார் இப்பவே ஆரம்பிக்கச் சொல்றாங்க டாக்டர், ஏழாம் மாசம்தான்."

"மாமியார்கிட்ட பிள்ளை வெளிய வரட்டும்னு சொல்லு. வயித்துல இருக்கிறப்போ இப்படி கிளாஸ் கிளாஸா வேணாம்."

"கடலை சாப்பிட்டா எனக்கு மேலெல்லாம் தடிக்குதே, வெந்தயம்..." என்றது மூன்றாவது தலை.

"அதுவும் அந்தக் குடும்பம்தான். ஜாக்கிரதை. இப்போ கதவை விட்டு எல்லாரும் தள்ளி நில்லுங்க, இங்க ஒரு மனுஷன் பயந்து உட்கார்ந்திருக்கார்!"

ரத்தம் எடுத்தார்கள். இன்ஷிராஹ் அவருடைய மறு கையைப் பிடித்துக்கொண்டாள், பாசம் பாதி, ஜன்னல் பயம் பாதி. பரகாத்துக்கு இன்னும் ஒரு நப்பாசை இருந்தது. "ஒம்பது நாள் தின்னிருக்கேன் டாக்டர். நம்பர் எறங்கியிருக்குமில்ல?"

"இது ஒம்பது நாள் கணக்கு பார்க்கிற சோதனை இல்ல. மூணு மாசம் நீங்க என்ன பண்ணீங்கன்னு உங்க ரத்தம் ஞாபகம் வெச்சிருக்கும்."

"என் பொண்டாட்டி மாதிரி," என்றார் பரகாத்.

"அவ மூணு மாசத்தோட விட மாட்டா," என்றாள் இன்ஷிராஹ்.

நம்பர் இறங்கவில்லை. ஒன்பதரையில் நின்றது. ஒரு மாத்திரையை நிறுத்தினார் டாக்டரம்மா, இன்னொன்றைத் தொடரச் சொன்னார், காலையில் ஒரு ஊசி என்று எழுதினார். சர்க்கரை ஒழுங்குக்கு வரும்வரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. தொடலாம் என்று அவர் சொன்ன பிறகும், கிளம்பும் முன் விரலைக் குத்திப் பார்க்காமல், சாப்பிடாமல் வண்டி எடுக்கக் கூடாது. வெந்தய டப்பாவுக்கு இப்போதைக்கு ஓய்வு.

மறுநாள் மிச்ச வெந்தயத்தைத் தூக்கிக்கொண்டு பரகாத் நாட்டு மருந்துக் கடைக்குப் போனார். ஹாஜியார் குறுக்கெழுத்திலிருந்து நிமிரவில்லை.

"மச்சினன் எப்படி இருக்கார்?"

"ஊசி போட்டுக்கறான் ஹாஜியாரே."

"அல்ஹம்துலில்லாஹ். மீசைக்கு ஒண்ணும் ஆகலயே?"

"இல்ல."

"அடுத்த தடவை மச்சினன நேர்ல வரச் சொல்லு. பொய் சொன்னா நான் குடுக்கிற சாமானுக்கு ஆள் அடையாளம் தெரியாது."

மூன்று வாரம் மச்சினன்தான் மணப்பெண்ணை ஓட்டினான். அவன் பதினாலு பேர்தான் ஏற்றுவான், கோழை. பரகாத் வாப்பா உட்கார்ந்த முன்சீட்டில் உட்கார்ந்து போகிறவன் வருகிறவனைத் திட்டிக்கொண்டே போனார். வாத்தியார் பின்வரிசைக்குத் தள்ளப்பட்டு, அங்கிருந்து பூகோளம் நடத்தினார்.

நாலாவது வாரம் டாக்டரம்மா தலையசைத்தார். முன்சீட்டின் முன்னால் ஒரு டப்பா வந்தது, இந்தத் தடவை பேரீச்சம்பழம், அவசரத்துக்கு. அது வேகமாகக் குறைந்தது. வாத்தியாருக்குத்தான் அடிக்கடி அவசரம் வந்தது. பரகாத் பதினாலு பேரோடு நிறுத்திக்கொண்டார் என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். பதினாறு.

அவர் மறுபடி ஸ்டியரிங் பிடிக்கப் போகிற அந்த முதல் திங்கட்கிழமை காலை. மொச்சையும் ரொட்டியும் மேசையில் ஆவி விட்டன. விரலைக் குத்திப் பார்த்தாயிற்று, எண் சரி. இன்ஷிராஹ் ஊசியை எடுத்தாள். வயிற்றுத் தோலை இரண்டு விரலால் பிடித்தாள். பரகாத் கண்ணை இறுக்கிக்கொண்டு, ஆளே இல்லாத வீட்டுக்குள் "தஸூக், தஸூக், தஸூக்!" என்று கூவினார். மாடி வீட்டுக்காரி பயந்துபோய் எட்டிப் பார்த்தாள். அதற்குள் வேலை முடிந்திருந்தது.

"இன்னும் போடலயா?"

"போட்டு, மூடி, எடுத்து வெச்சாச்சு. காலக் குடுங்க."

அது அவள் போட்ட சட்டம். ஊசி முடிந்ததும் தினமும் கால். பரகாத் செருப்பைக் கழற்றி, அந்தப் பெரிய பாதத்தைக் கூச்சத்தோடு அவளுடைய மடியில் வைத்தார். பிறகு அடுத்ததை. அவள் வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, குதிகாலைத் தடவி, விரல் இடுக்கெல்லாம் விரித்துப் பார்த்தாள். செருப்பைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கை விட்டு ஆணி இருக்கிறதா என்று துழாவினாள். அவருக்குக் கூசியது. மீசை துடித்தது.

"அசையாதீங்க. எண்ணிக்கிட்டிருக்கேன்."

"என்னத்த எண்ணறே?"

கடைசிச் சுண்டுவிரலை ஒரு தட்டுத் தட்டிவிட்டு அவள் எழுந்தாள்.

"பத்து பேரும் ஏறியாச்சு உஸ்தா. சாப்பிட்டுட்டு வண்டிய எடுங்க."